முதல் அடிக்குறிப்பே ‘மேலது’

ஓர் ஆய்வேட்டின் இரண்டாம் இயல். முதல் பக்கத்தின் முதல் அடிக்குறிப்பு: ‘மேலது, ப. 112’. ‘மேலது’ என்றால் சற்று முன் காட்டிய அதே நூல். மேலே பார்த்தேன். இயலின் தலைப்புதான் இருந்தது.

தமிழ்த்துறையில் நெறியாளராக இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யாருடைய ஆய்வேட்டின் நடுவிலிருந்தோ பத்தியைத் தூக்கும்போது அடிக்குறிப்பும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. “எந்த நூல்மா இது?” என்று கேட்டேன். “பார்த்துச் சொல்றேம்மா. ஆனா பிளேஜியரிசம் செக்ல 7 சதவீதம்தாம்மா வந்துச்சு” என்றார் அந்தப் பெண்.

பிறர் எழுத்தோடு ஏடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் காட்டும் இந்தச் சதவீதத்தில்தான் எல்லாம் வந்து நிற்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 40ஐத் தாண்டினால் திருத்திய ஏட்டை ஓராண்டுக்குக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே போய்விடும். பிள்ளைகளுக்கு இந்த எண்கள் மனப்பாடம். முறையாக மூலம் காட்டி எடுத்தாண்ட பகுதி அந்தக் கணக்கில் சேராது என்று அதே விதி சொல்வது மட்டும் எவர் காதிலும் விழுவதில்லை. சதவீதத்துக்குப் பயந்து தொல்காப்பிய நூற்பாவையே தன் நடையில் மாற்றி எழுதிக்கொண்டு வந்தவர் உண்டு. இன்னொரு பக்கம், ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த ஏட்டை மென்பொருளால் தமிழாகவே படிக்க முடியாது. முழுக்க முழுக்கப் படியெடுத்த ஏடுகூடச் சொந்த எழுத்தாகத் தெரியும். அப்புறம் அந்த எண்ணுக்கு என்ன மரியாதை?

மூலம் காட்டுவது மேல்நாட்டு வழக்கம், நம் மரபில் அடிக்குறிப்பு ஏது என்று கேட்பவர்களிடம் நான் உரையாசிரியர்களைக் காட்டுவேன். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், இசைக்கும் கூத்துக்கும் தாம் எந்த நூல்களைச் சார்ந்து எழுதுகிறோம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்: இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல். ஐந்தையும் செய்தவர் யார் என்றும் சொல்கிறார். பஞ்சமரபு பின்னாளில் கிடைத்து அச்சேறியது. மதிவாணர் நூலை நம்மில் எவரும் கண்டதில்லை. அப்படி ஒன்று இருந்தது என்பதற்கு அவர் எழுதிவைத்ததே சான்று. என்னைக் கேட்டால், தமிழின் மிகச் சிறந்த துணைநூற்பட்டியல் அதுதான்.

சீவக சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் வேறு மாதிரி. மேற்கோளை அள்ளித் தருவார். நூல் பெயரை மட்டும் பல இடங்களில் சொல்லாமல் ‘என்றார் பிறரும்’ என்று போய்விடுவார். படிப்பவர்களுக்கு எல்லா நூலும் தெரியும் என்ற நம்பிக்கை அவருக்கு. சில நூற்றாண்டு கழித்துச் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்த உ.வே. சாமிநாதையர் அந்தப் ‘பிறர்’ யார் யாரென்று சுவடி சுவடியாகத் தேடித் திண்டாடியிருக்கிறார். சங்க நூல்களின் ஏடுகள் கைக்கு வந்த பிறகுதான் பல வரிகளுக்கு ஊர் பேர் தெரிந்தது. அச்சு நூல்களே இல்லாத காலத்தில் நச்சினார்க்கினியர் அப்படி எழுதியதை மன்னிக்கலாம். நூலகம் மாடிப்படிக்கு எதிரே இருக்கும்போது ‘நன்றி: கூகுள்’ என்று எழுதுவதை எப்படி மன்னிப்பது?

ஆகவே மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் அடிக்குறிப்பை வைத்துக்கொண்டு நான் அலமாரிக்குப் போனால் அந்த வரி என் கைக்கு வர வேண்டும். சங்கப் பாட்டுக்குப் பக்க எண் வேண்டாம், புறம். 192 (புறநானூற்றின் 192ஆம் பாட்டு) என்றால் எந்தப் பதிப்பிலும் கிடைத்துவிடும். உரைக்கும் கட்டுரைக்கும்தான் பதிப்பகம், ஆண்டு, பக்கம் எல்லாம் வேண்டும், பதிப்புக்குப் பதிப்பு பக்கம் நகர்ந்துவிடும் என்பதால். இன்னொருவர் ஆய்வேட்டில் பார்த்த மேற்கோள் என்றால் அந்த ஆய்வேட்டின் பெயரைப் போடுங்கள், மூல நூலை நீங்களே புரட்டியதாகக் காட்டாதீர்கள்.

“முதல் நாலு பக்கம் கிழிஞ்சிருக்கும்மா, ஆண்டு தெரியல” என்றார் ஒரு தம்பி. சரி, ‘ஆண்டு இல்லை’ என்றே போடுப்பா. குத்துமதிப்பாக 2005 என்று அடிக்காதே.