மடை அடைத்தாலும் சேதம், திறந்தாலும் சேதம்

போன மாசியில் பெரியப்பாவுக்கு வயிற்றுப்போக்கில் பிரஷர் ரொம்ப இறங்கி, திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் தப்பியது, ஆனால் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து சிறுநீரகம் பற்றித் தேடித்தேடிப் படிக்கிறேன்.

இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகத்துக்கே போகிறது. அது கொஞ்ச நேரம் தடைப்பட்டாலே அதன் உள்ளே சிறுநீர் ஓடும் நுண்குழாய்களின் செல்கள் வாடிவிடும். ரத்தம் திரும்பி வரும்போது சேதம் இன்னும் கூடுகிறது என்பதுதான் என்னை உலுக்கியது. காய்ந்து வெடித்த வாய்க்காலில் மேட்டூர்த் தண்ணீர் திடுமென வந்தால் கரை உடைகிறதே, கிட்டத்தட்ட அப்படி. இங்கே உடைப்பவை, திரும்பி வந்த ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வேதிப்பொருட்கள்.

அப்புறம் இன்னொன்று. ஒரே அளவு நேரம் ரத்தத்தை நிறுத்தினாலும் பெண் எலிகளின் சிறுநீரகம் ஆண் எலிகளுடையதைவிட நன்றாகத் தாங்குகிறது. ஆண் எலியின் விதையை நீக்கினால் சேதம் குறைகிறது, பெண் எலிக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் கூடுகிறது. மனிதர்களில் கணக்கு இவ்வளவு நேராக இல்லை. வயது, மாதவிடாய் நிற்பது, சர்க்கரை எல்லாம் குறுக்கே வரும். ஆனாலும் பல காலம் பெரும்பாலும் ஆண் எலிகளை வைத்தே சோதித்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

“அப்ப எனக்கு வராதா?” என்று பெரியம்மா கேட்டார். உங்களுக்கும் வரும் பெரியம்மா, வெயிலில் தண்ணி குடிக்காம வயல்ல நிக்காதீங்க என்றேன்.