58 சதவீதத்தை நம்பி இராஸ் விண்ணப்பப் பட்டியல் போடாதீர்கள்

அமெரிக்காவில் டாக்டர்களுக்கு ரெசிடென்சி (மேற்பயிற்சி) இடம் ஒதுக்கும் ‘மேட்ச்’சில் 2025 மார்ச்சில் எனக்கு இடம் கிடைத்தது. இன்டர்னல் மெடிசின், கேட்டகாரிக்கல் (முழுப் பயிற்சிக்குமான இடம்), ஜே-1 விசா. நிம்மதிதான், ஆனால் கொஞ்சம் எரிச்சலும் மிச்சமிருக்கிறது. “நூத்துக்கு அறுபது பேருக்குக் கிடைக்குது டாக்டர், இருநூறு இடத்துக்குத் தட்டி விடுங்க” என்று சொல்லிக் காசு வாங்கும் ஆலோசகர்களை இந்தப் பாதையில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஸ்டெப் தேர்வுக்கு (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வு) எப்படிப் படிப்பது என்று நான் எழுதப்போவதில்லை. அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எண்களை எப்படிப் படிப்பது என்பது மட்டும்.

2025 மேட்சில் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஐஎம்ஜிக்களில் (அமெரிக்காவுக்கு வெளியே மருத்துவம் படித்தவர்கள்) இடம் கிடைத்தவர்கள் 58.0%. முந்தைய ஆண்டு 58.5%. எண் பொய்யில்லை. எத்தனை பேரில் 58 சதவீதம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேட்சை நடத்தும் என்ஆர்எம்பி கணக்கில் எடுப்பது ரேங்க் லிஸ்ட் (இன்டர்வியூ தந்த இடங்களை விருப்ப வரிசையில் அடுக்கிய பட்டியல்) போட்டுச் சான்றளித்தவர்களை மட்டும். 2025-ல் எல்லாப் பிரிவினரும் சேர்த்துப் பதிந்தவர்கள் 52,498. லிஸ்ட் கொடுத்தவர்கள் 47,208. இடையில் ஐயாயிரத்துச் சொச்சம் பேர் காணவில்லை. இன்டர்வியூவே வராதவர் எதை ரேங்க் செய்வார்? விண்ணப்பம் அனுப்பும் தளமான இராஸுக்குப் பணம் கட்டி, அழைப்பு வராததால் என்ஆர்எம்பியில் பதியாமலே விட்டவர்கள் இந்த 52 ஆயிரத்திலும் இல்லை. மெயின்ஸ் எழுதியவர்களின் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்துவிட்டு ப்ரிலிம்ஸுக்குத் தயாராகிற மாதிரிதான் நாம் இந்த 58-ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதற்குள்ளும் கலப்படம் உண்டு. ஒரு வருட ப்ரிலிமினரி சர்ஜரி மட்டும் கிடைத்தவரும் “மேட்ச் ஆனவர்” கணக்கில்தான் வருகிறார். பிரிவு குடியுரிமையை வைத்துப் பிரிக்கப்படுவதால், கிரீன் கார்டு இருப்பவரும் விசா கேட்கும் நீங்களும் ஒரே கூடையில். போன வருடம் ஹவுஸ் சர்ஜன்சி முடித்தவரும் பத்து வருடத்துக்கு முன் முடித்தவரும் அதே கூடையில். அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஐஎம்ஜிக்களுக்கு 67.8%. அந்த இடைவெளி முழுக்க விசாவால் என்று சொல்ல மாட்டேன், பெரும்பகுதி அதுதான் என்பது என் எண்ணம்.

சரி, வேறு எதைப் பார்ப்பது? என்னைக் கேட்டால் ஒரே பதில்: ஒவ்வொரு ப்ரோக்ராமும் தன் தளத்தில் போட்டிருக்கும் ரெசிடென்ட் பட்டியல். முகம் தெரியாதவர்களுக்கு மெயில் போட்டு உறவு வளர்க்க எனக்கு வராது. எக்ஸெல்லைத் திறந்து இரவெல்லாம் உட்காரச் சொன்னால் உட்காருவேன். உங்களுக்கு அது நேர்மாறாக இருந்தால், இந்தப் பகுதியை நண்பர் ஒருவரிடம் தள்ளிவிடுங்கள். ஆனால் செய்யாமல் விடாதீர்கள்.

நான் வைத்திருந்த பத்திகள்:

- மூன்று பேட்ச்சிலும் யார் எந்தக் கல்லூரி. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் என்று ஒருவர்கூட இல்லையா, அடித்துவிடுங்கள்.
- கரீபியன் கல்லூரிகள் தனிப் பத்தியில். அவர்களில் பலர் அமெரிக்கக் குடிமக்கள். “ஐஎம்ஜிக்கு ஏற்ற இடங்கள்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்கள் கவிழ்வது இங்கேதான்.
- ஜே-1 மட்டுமா, எச்-1பியும் உண்டா. எச்-1பி என்றால் ஸ்டெப் 3 முடிந்திருக்க வேண்டும்.
- படிப்பு முடித்து எத்தனை ஆண்டுக்குள் இருக்க வேண்டும்.

அப்புறம் பணம். நான் விண்ணப்பித்த 2025 சீசனில் இராஸ் கட்டணம் ஒரு துறையில் முதல் 30 ப்ரோக்ராம்களுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் தலா 30 டாலராக இருந்தது. முப்பதைத் தாண்டிய பட்டியலிலிருந்து ஒவ்வொரு பெயரை அடிக்கும்போதும் முப்பது டாலர் மிச்சமானது. “உங்கள் ப்ரோக்ராமில் எனக்கு விசேஷ ஆர்வம்” என்று காட்ட இன்டர்னல் மெடிசினுக்குக் கிடைத்த 3 தங்க சிக்னல், 12 வெள்ளி சிக்னல் எல்லாம் அந்த எக்ஸெல்லின் மேல் வரிசைகளுக்கே போயின. ஆசைக்காக ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குக்கூடக் கொடுக்கவில்லை.

யாருக்கு இடம் கிடைத்தது என்று என்ஆர்எம்பி வெளியிடும் சார்ட்டிங் அவுட்கம்ஸ் அறிக்கை நல்லதுதான், கவனமாகப் படித்தால். ஸ்டெப் 1 மதிப்பெண் சராசரி போட்ட பழைய பதிப்புகளை ஒதுக்கிவிடுங்கள், 2022 ஜனவரியிலிருந்து அது பாஸ், ஃபெயில் மட்டும். தொடர்ச்சியாக ஒரே துறையில் ரேங்க் செய்த இடங்கள் கூடக்கூட வாய்ப்பு ஏறுவதாக அதில் வளைகோடு இருக்கும். அதைப் பார்த்து லிஸ்ட்டை நீட்டினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த நீளத்துக்குப் பின்னால் இன்டர்வியூக்கள் இருக்கின்றன, இன்டர்வியூக்களுக்குப் பின்னால் விண்ணப்பத்தின் பலம் இருக்கிறது. இன்டர்வியூ தராத இடத்தை லிஸ்ட்டில் சேர்த்து ஒரு பயனும் இல்லை.

2025-ல் ஃபேமிலி மெடிசினில் 800-க்கும் மேல் இடங்கள் நிரம்பவில்லை என்றதும், மிச்ச இடங்களை நிரப்பும் ‘சோப்’ (SOAP) சுற்றின் மீது பலருக்கு ஆசை. அதில் விசா தரும் இடங்கள் எத்தனை என்று அந்த எண் சொல்லாது. சோப்பை நம்பி அக்டோபரில் சும்மா இருக்காதீர்கள்.

ரேங்க் லிஸ்ட் பற்றி எழுத அதிகமில்லை. இடம் ஒதுக்கும் இப்போதைய அல்காரிதம் விண்ணப்பதாரர் பக்கமிருந்து தொடங்குவது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத்துக்கு 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. “அவங்க நம்மளை மேல வைப்பாங்களா” என்று ஊகித்து வரிசையை மாற்றினால் நஷ்டம் உங்களுக்குத்தான். பிடித்ததை மேலே போடுங்கள். இன்டர்வியூ தந்த இடங்களில், போய்ச் சேரவே முடியாது என்பதைத் தவிர எல்லாவற்றையும் போடுங்கள். மேட்ச் ஆன பிறகு “வேண்டாம்” என்று சொல்ல முடியாது, அது ஒப்பந்தம்.