அத்தையின் வில்லுக்கு ரீப்பரில் கட்டம் விழுந்துவிட்டது

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு, அத்தையின் 22 நிமிட வில்லுப்பாட்டில் வசனம் தொடங்கும் வரைக்குமான 14 நிமிடமும், ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளின் கிரிட்டில், அதாவது தாளத்தைக் காட்டும் கட்டத்தில், வந்து உட்கார்ந்தது. இந்த இடத்தில் இன்ன வேகம் என்று சொல்லும் டெம்போ மார்க்கரில் கடைசியைப் போட்டுவிட்டு, டிக் டிக் என்று தாளம் தட்டும் மெட்ரோனோமை ஆன் செய்து முதலில் இருந்து ஓட்டினேன். அத்தை காப்புப் பாட்டை நிதானமாக எடுக்கும்போது கிளிக்கும் நிதானமாக வந்தது. சாமி வரும் இடத்தில் அத்தை விரட்ட விரட்ட, கிளிக்கும் கூடவே ஓடியது. எட்டு மாதமாக மென்பொருள் மாற்றி மாற்றி உட்கார்ந்தது இந்த ஒன்றுக்காகத்தான்.

அத்தை சேரன்மகாதேவி பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லடிப்பவள். வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை என்று ஐந்து பேர் செட். அவர்களை அப்படியே பதிவு செய்து, அடியில் சுருதியும், இரண்டு இடங்களில் ஸ்ட்ரிங்ஸும், சாமி வரும் இடத்தில் ஒரு கனத்த டிரம்மும் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. இதெல்லாம் சேர வேண்டுமென்றால் மென்பொருளுக்கு எது எத்தனையாவது தாளம் என்று தெரிந்தாக வேண்டும். முதல் தடவை எல்லாருக்கும் ஹெட்போன் மாட்டி கிளிக் கொடுத்துப் பார்த்தேன். ரெண்டு நிமிடத்தில் அத்தை கழற்றி வைத்துவிட்டாள். "ஏட்டி, அந்த டிக்கு டிக்கை நிப்பாட்டு. குடம் சொல்லுத தாளத்தைக் கேப்பனா, இதைக் கேப்பனா?" அவள் கேட்டது நியாயம். வில்லுப்பாட்டில் வேகம்தான் கதையையே நடத்துகிறது. இந்தப் பாட்டு நிமிடத்துக்கு 78 தட்டில் ஆரம்பித்து 131ல் போய் நிற்கிறது. அதை ஒரே எண்ணில் கட்டிப்போட்டால் கொடைக்கு வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

ஆக, எனக்குப் பொருந்தும் மென்பொருள் எது என்ற கேள்வி ஒரே கேள்வியாகச் சுருங்கிவிட்டது: வில்லுக்குப் பின்னால் நடக்கத் தெரிந்தது எது?

நான் பழகியது எஃப்.எல். ஸ்டுடியோவில். 1997ல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் பெல்ஜியத்தில் இருந்து வந்தது. சுரங்களைக் கட்டத்தில் வரைகிற பியானோ ரோலுக்கு இன்றைக்கும் எனக்கு அதுதான். ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் அப்டேட் இலவசம் என்பது பெரிய விஷயம். புதிதாக வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அடிமட்ட ஃப்ரூட்டி எடிஷனில் மைக் வைத்து ஆடியோ பதிவு செய்ய முடியாது. சோதனைப் பதிப்பில் சேமிக்கலாம், ஆனால் சேமித்ததை மறுபடி திறக்க முடியாது. பீட் கட்டுகிற வேலைக்கு அது ராஜா. ஆனால் அதன் மனசு பேட்டர்னில், திரும்பத் திரும்ப வரும் சின்னத் துண்டுகளில் இருக்கிறது. நான் கொண்டுபோய் வைத்ததோ 22 நிமிடம் நிற்காமல் ஓடும் ஒரே டேக்.

அடுத்தது ஏபிள்டன் லைவ். அதன் வார்ப் வசதியை நம்பிப் போனேன். வார்ப் என்பது ஆடியோவை இழுத்தும் சுருக்கியும் கிரிட்டுக்குள் கொண்டுவருவது. டி.ஜே. வேலைக்கு அதைவிட வேகமானதை நான் பார்த்ததில்லை. ஒரு கிளிப்பைத் தலைமையாக வைத்து, பாட்டு முழுவதையும் அதன் வேகத்துக்கு நடக்க வைக்கிற வழியும் லைவ் 11ல் இருக்கிறது. ஆனாலும் அங்கே எல்லாமே ஆடியோவை வளைப்பதில்தான் தொடங்குகிறது. எனக்கு வேண்டியது அதற்கு எதிர்த்திசை. உடுக்கையை எந்த மென்பொருளில் இழுத்தாலும் எனக்குக் காது கூசுகிறது. இடுப்புக் கயிற்றை அழுத்தி விடும்போது வரும் அந்த "ஊம்" என்ற வளைவு ஒரு இம்மி நீண்டாலும், அது உடுக்கை இல்லை.

ஆப்பிளின் லாஜிக்கில் 2018ல் ஸ்மார்ட் டெம்போ வந்தது. நாம் வாசித்த வேகத்தைப் பார்த்து அதுவே கிரிட்டை அமைத்துக்கொள்ளும். மேக் இருப்பவர்கள் வேறு எங்கும் அலைய வேண்டாம். என்னிடம் இருப்பது 8 ஜி.பி. விண்டோஸ் லேப்டாப். கியூபேஸ் என்ற இன்னொரு மென்பொருளில், கிரிட்டை இழுத்துப் பதிவோடு பொருத்தும் டைம் வார்ப் கருவியைப் பாளையங்கோட்டையில் ஒரு அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் பார்த்தேன். பிரமாதமாக இருந்தது, விலை எனக்கு எட்டவில்லை.

ரீப்பருக்கு வந்தது அதற்கு அப்புறம்தான். பாட்டுக் கேட்கும் வின்ஆம்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கெல்தான் இதையும் எழுதியவர். 60 நாள் எந்தக் குறையும் இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாம், தனி ஆளுக்கு லைசென்ஸ் 60 டாலர். முகம் வறண்டுதான் இருக்கும், கூடவே பாட்டுக்கருவிகளும் அதிகம் வராது. ஆனால் இன்ஸ்டாலர் குட்டி, என் பழைய லேப்டாப்பில் எட்டு டிராக் ஓடும்போதும் ஃபேன் சத்தம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, ஆடியோவைத் தொடாமல் கிரிட்டை மட்டும் வளைக்கலாம்.

சரி, இனி அந்தக் கிரிட் விஷயம். இதிலேதான் ஆறு வாரம் போனது.

முதல் பள்ளம் டைம்பேஸ், அதாவது பதிவு கடிகார நேரத்தோடு ஒட்டி நிற்க வேண்டுமா, தாளத்தோடு நகர வேண்டுமா என்ற அமைப்பு. புராஜெக்ட் செட்டிங்கில் டைம்பேஸை "டைம்" என்று மாற்றாமல் டெம்போ மார்க்கர் போட்டால், மார்க்கரோடு சேர்ந்து பதிவும் நகர்ந்துவிடும். முதல் முயற்சியில் எனக்கு அதுதான் நடந்தது. அத்தையின் குரல் ஓர் இடத்தில், குடம் ஓர் இடத்தில். நல்லவேளை, மூலக் கோப்புகள் தனியாக இருந்தன.

இரண்டாவது, எதைப் பார்த்து மார்க்கர் போடுவது. டேப் விசையைத் தட்டினால் கர்சர் அடுத்த அடி தொடங்கும் இடத்துக்குத் தாவும். வில்லின் டிராக்கில் தட்டிப் பார்த்தேன். வில்லில் கட்டியிருக்கும் மணிகள், நாணில் அடிக்கும் வீசுகோல் படுவதற்கு முன்பே சிலுங்குகின்றன. அத்தை கையை ஓங்கும்போதே அவை ஆடிவிடும் போல. கர்சர் ஒவ்வொரு மணியிலும் நின்றது. அதை விட்டுக் குடத்துக்குப் போனேன். குடக்கார மாமா பத்தி என்ற மட்டையால் குடத்தின் வாயில் அடிக்கும்போது முதலில் ஒரு சப்பென்ற காற்று, அதன் பின்னால் "தும்". அந்தத் தும் எங்கள் குடத்தில் 80 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. 80 ஹெர்ட்ஸில் ஒரு அலை எழுந்து விழவே 12.5 மில்லிசெகண்ட் ஆகும். அதில் அடி தொடங்கும் புள்ளி எது? பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு மேடு மெதுவாகக் கிளம்புகிறது, அவ்வளவுதான். ஒரு அடிக்கு 10 மில்லிசெகண்ட் முன்னால் வைத்தேன், அடுத்ததற்கு 20 பின்னால். அதன் மேல் டிரம்மைப் போட்டுக் கேட்டபோது, நொண்டிக்கொண்டே கூட வருகிற மாதிரி இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அத்தையையே உட்கார வைத்துக் கேட்டேன், எதைப் பார்த்துப் பாடுகிறாய் என்று. யோசிக்கவே இல்லை. "குடம் பொறத்தால வரும்ட்டி, அது அப்படித்தான் வரணும். நான் புடிக்கது ஜால்ராவை." ஸ்பீக்கரில் ஓட விட்டேன், கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டினாள். அவள் விரல் விழுந்த இடமெல்லாம் ஜால்ரா இருந்தது. குடம் அதற்கு 25, 30 மில்லிசெகண்ட் பின்னால் வந்தது, பாட்டு முழுக்க அதே பின்வாங்கலோடு. பாட்டுக்கு அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் ஜால்ராவுக்கு நான் மைக்கே வைக்கவில்லை. எல்லா மைக்கிலும்தான் கசிகிறதே என்று விட்டிருந்தேன். அந்தக் கசிவே கைகொடுத்தது. ஜால்ராக்காரர் உடுக்கைக்குப் பக்கத்தில் உட்காருவார், மணிகள் அங்கிருந்து தள்ளி. உடுக்கை டிராக்கை நகல் எடுத்து, ரீப்பரின் ஒலி வடிகட்டியான ரீஈக்யூவில் 6,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டினேன். உடுக்கை மறைந்து, ஊசி ஊசியாக ஜால்ரா மட்டும் நின்றது. அதைத் தனி டிராக்காக ரெண்டர் செய்து டேப் விசையைத் தட்டினால், ஒவ்வொரு தட்டுக்கும் கர்சர் சரியாக ஓர் ஊசியில். ஜால்ரா அந்த மைக்குக்கு ஒன்றரை மீட்டர் தூரம். ஒலி ஒரு மீட்டர் கடக்க 3 மில்லிசெகண்ட் எடுக்கும் என்பதால், தவறு ஐந்துக்குள்தான். அதைக் காது கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது, எத்தனை மார்க்கர். ஆரம்பத்தில் ஒவ்வொரு தாள வட்டத்துக்கும் ஒன்று போட்டு, 350ஐத் தாண்டினேன். கேட்டால் சேர்த்த ஸ்ட்ரிங்ஸ் முழுக்க ஒரு நடுக்கம். கையால் அடிக்கிற தாளத்தில் வட்டத்துக்கு வட்டம் சின்ன அசைவு இருக்கும். அந்த அசைவையெல்லாம் கிரிட்டுக்குள் கொண்டுபோனால் மற்ற கருவிகளும் சேர்ந்து உதறும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு நாலு வட்டத்துக்கு ஒன்று என்று வைத்தேன். வேகம் ஏறும் இடங்களில் மட்டும், அடுத்த மார்க்கர் வரை டெம்போ மெல்ல மாறட்டும் என்ற டிக்கைப் போட்டேன். கடைசியில் 91 மார்க்கர். ரீப்பரோடு சேர்த்துக்கொள்ளும் எஸ்.டபிள்யூ.எஸ். எக்ஸ்டென்ஷனில், பக்கத்துக் கிரிட் கோட்டை மௌஸ் இருக்கும் இடத்துக்கு நகர்த்துகிற ஆக்‌ஷன் ஒன்று இருக்கிறது. அதை ஒரு விசையில் வைத்துக்கொண்டால் வேலை பாதியாகும். அது இல்லாமல் இந்த வேலைக்கு இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

பதிவு பற்றியும் ரெண்டு வார்த்தை. பதிவு வீட்டு மாடி அறையில்தான். இலவம்பஞ்சு மெத்தை மூன்றைச் சுவரில் சாத்தினேன். பத்தமடைப் பாய் மெல்லியது, தரையில் விரிக்க அழகு, சத்தத்தை அது பிடிக்காது. லேப்டாப் சார்ஜரில் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அடியில் ஓடியது, பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்ததும் நின்றது. ஜங்ஷன் பக்கம் வாங்கிய எக்ஸ்.எல்.ஆர். மைக் கேபிள் நாலில் ஒன்று முதல் நாளே கரகரத்தது. கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்றுவிட்டார். இப்போது கனெக்டரும் வயரும் தனித்தனியாக வாங்கி நானே பற்றவைக்கிறேன், ஒன்றுகூடப் பழுதாகவில்லை.

காருகுறிச்சியில் பானை வனைகிறவர் ஒருவரிடம் வாய் குறுகலான குடம் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். வந்ததும் குடக்கார மாமாவைத் தனியாக அடிக்கச் சொல்லி, மெதுவில் இருந்து பலம் வரை ஒவ்வொரு அடியையும் எடுத்து, ரீப்பரில் உள்ள ரீசாம்பிளோமேட்டிக் என்ற கருவியில் போட்டு, கீபோர்டில் வாசிக்கிற மாதிரி செய்ய வேண்டும். அந்த 30 மில்லிசெகண்ட் பின்வாங்கலையும் அதிலேயே வைத்துவிடலாமா என்று யோசனை. ஆடிக் கொடைக்கு ஜெனரேட்டரில் இருந்து எவ்வளவு தள்ளி மைக் வைக்கலாம் என்று கோயில் பக்கம் போய்ப் பார்க்கவும் வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால் வசனம் பாக்கி. 14ஆவது நிமிடத்தில் தாளம் நின்று, மூன்றே முக்கால் நிமிடம் அத்தை பேச்சாகக் கதை சொல்கிறாள், பின்பாட்டு "ஆமா" போடுகிறது. அங்கே ஜால்ராவும் இல்லை, குடமும் இல்லை. தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று இரண்டு மார்க்கர் வைத்து நடுவை வெறுமையாக விடலாம் என்றிருந்தேன். நேற்று ஹெட்போனில் கேட்கும்போது, பேச்சுக்கு அடியில் வீசுகோலால் நாணை லேசாக, மணி அசையாத அளவுக்கு, அத்தை தட்டிக்கொண்டே இருப்பது கேட்டது. இன்றைக்கு ராத்திரி அதை எண்ணிப் பார்க்க வேண்டும்.