குசினியில் கரண்ட் எங்கே போகிறது?

பில் ஏறிவிடும் என்று பயந்து பிளென்டரை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிற வீடுகள் சில எனக்குத் தெரியும். அதே வீட்டில் காலை ஆறு மணிக்குச் சோறு வெந்து முடிந்த ரைஸ் குக்கர் பின்னேரம் வரைக்கும் பிளக்கிலேயே கிடக்கும், அதன் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மாதம் முடிந்து பில் வந்தால் பேச்சு வாங்குவது சம்பலுக்குப் பிளென்டர் போட்ட ஆள்தான். எனக்கு இது மனதுக்குக் கேட்பதேயில்லை.

பெட்டியில் எழுதியிருக்கிற வாட்டை மட்டும் பார்த்துப் பயப்படுவதால் வருகிற வினை இது. 1000 வாட் சாமான் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யுனிட், கணக்கு அவ்வளவுதான். 500 வாட் பிளென்டரில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் தேங்காய்ப்பூவும் அடித்தெடுக்க இரண்டு நிமிடம் போதும், 0.02 யுனிட்கூட வராது. தோசைக்கு உழுந்து அரைக்கிற நாளில் கால் மணித்தியாலம் ஓடினாலும் 0.13 யுனிட்தான். மோட்டர் சுற்றுகிற சாமான்கள் சத்தம் போடுமே தவிரப் பெரிதாகத் தின்னாது. தின்பது சூடாக்குகிறவைதான், அதிலும் சத்தமே இல்லாமல் மணிக்கணக்காகச் சூடாக்குகிறவை.

ரைஸ் குக்கரை எடுங்கள். சட்டியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு வட்டப் பொத்தான் தெரியும், அதற்குள் காந்தம் இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் அடி 100 பாகையைப் பெரிதாகத் தாண்டாது. அரிசி தண்ணீரை முழுக்க இழுத்துக்கொண்டதும் சூடு மேலே ஏறும், அந்தச் சூட்டில் காந்தப் பிடி விட்டுப்போகும், சுவிட்ச் டக்கென்று மேலே வரும். 1.8 லீற்றர் குக்கர் என்றால் 700 வாட் அளவில் இருக்கும், இதுவரைக்கும் அரை மணித்தியாலத்துக்குள் ஏறக்குறைய 0.3 யுனிட். ஆனால் சாதாரணக் குக்கர்களில் டக்கென்றதும் கரண்ட் நிற்பதில்லை, சோற்றைச் சூடாக வைத்திருக்கிற வோர்முக்குப் போகிறது, பிளக்கைக் கழற்றும் வரைக்கும் அதிலேயே நிற்கும். 40 வாட் என்று வைத்துக்கொண்டாலும் பத்து மணித்தியாலத்தில் 0.4 யுனிட். சோறு ஆக்கினதைவிடச் சும்மா வைத்திருந்ததற்குத்தான் கூடச் செலவு! மாதத்துக்கு அது 12 யுனிட்.

நான் சோறு வெந்து பத்து நிமிடம் மூடி திறக்காமல் விட்டு, பிளக்கைக் கழற்றிவிடுவேன். மூடியைத் திறக்காவிட்டால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு ஆக்கின சோறு சாப்பிடும்வரைக்கும் சூடாகவே இருக்கும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது, கொழும்பு வெக்கையில் சோற்றை நாள் முழுக்க வெளியே வைக்கவே கூடாது, வயிற்றைக் கெடுக்கும். மிஞ்சினதை நேரத்தோடு பிரிட்ஜில் வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவை மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் நன்றாகச் சூடாக்கினால் 0.04 யுனிட்தான் போகும்.

நம்பாதவர்களுக்கு மீட்டரைக் காட்டுவேன். புது எலெக்ட்ரோனிக் மீட்டர்களில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு மின்னும், ஒரு யுனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று முகப்பிலேயே எழுதியிருக்கும். 1600 என்று இருந்தால், 2000 வாட் கேத்தல் ஓடும்போது ஏறக்குறைய செக்கனுக்கு ஒருமுறை மின்னும். எங்கள் தொடர்மாடியில் மேல் வீட்டு அக்கா பிரிட்ஜ், பேன் எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டுக் கீழே வந்து என்னோடு நின்று பார்த்தார். விளக்கு நிமிடத்துக்கு ஒருமுறை போல மின்னிக்கொண்டிருந்தது. "என்ன தம்பி, ஒண்டும் ஓடேல்லை, பிறகேன் மின்னுது?" என்றார். "ரைஸ் குக்கரைக் கழட்டினீங்களோ அக்கா?" என்றேன். கழற்றவில்லை.

கேத்தலுக்கு வருவோம். ஒரு கோப்பை பிளேன்டீக்கு 200 மில்லிலீற்றர் போதும், கொதிக்க 0.02 யுனிட் அளவில்தான் போகும். 1.7 லீற்றரையும் நிரப்பிவிட்டால் 0.15 யுனிட், மிஞ்சின தண்ணீர் ஆறிப்போகும், அடுத்த தேத்தண்ணிக்கு மறுபடி முழுக்கக் கொதிக்க வைப்போம். வீட்டில் ஆட்கள் கூட என்றால் ஒரேயடியாகக் கொதிக்க வைத்துச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றிவிடலாம். அப்புறம், கேத்தல் மூடியைத் திறந்து வைத்துக் கொதிக்க விடாதீர்கள். ஆவி போய்ச் சுவிட்சுக்குள் இருக்கிற உலோகத் தகட்டைச் சூடாக்கினால்தான் அது தானாக நிற்கும், மூடி திறந்திருந்தால் ஆவி அங்கே போகாது, கொதித்துக்கொண்டே கிடக்கும். யாழ்ப்பாணத்தில் என்றால் சுண்ணாம்புத் தண்ணீரால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும், அவ்வப்போது தேசிக்காய்ப் புளி விட்டுக் கழுவவேண்டும். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் அந்தத் தொல்லை அவ்வளவு இல்லை.

ஆவியைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும், குசினியில் உண்மையான நட்டம் அங்கேதான். 28 பாகையில் குழாயிலிருந்து வருகிற ஒரு லீற்றர் தண்ணீர் கொதிநிலைக்கு வர 0.085 யுனிட் போதும். கொதித்த அதே லீற்றர் முழுக்க ஆவியாகிப் போக 0.63 யுனிட் வேண்டும், ஏழு மடங்குக்கு மேல். பருப்பைத் திறந்த சட்டியில் தளதளவென்று கொதிக்க விட்டால் பருப்பு ஒன்றும் சீக்கிரம் வேகாது, தண்ணீர் 100 பாகைக்கு மேல் போகாதே, குசினி வெக்கைதான் கூடும். கொதி வந்ததும் மூடிபோட்டு, சின்னக் குமிழி மட்டும் வருகிற அளவுக்குச் சூட்டைக் குறையுங்கள். பிரஷர் குக்கரும் அப்படித்தான், முதல் விசிலோடு குறைத்துவிடவேண்டும், விசில் என்று கேட்பதெல்லாம் வெளியே போகிற சூடு. புட்டு, இடியப்பம் அவிக்கிறவர்கள் பானையில் தண்ணீரை அளவாக வைத்து, ஆவி ஒழுகுகிற வாயைத் துணியால் சுற்றினாலே வித்தியாசம் தெரியும். கொண்டைக்கடலையை இரவே ஊறப்போடுவதும் சிவப்பரிசியை அரை மணித்தியாலம் ஊறவைப்பதும் காசு செலவில்லாத வேலை.

2021 கடைசியில் காஸ் சிலிண்டர் வெடிப்புகள், 2022இல் காஸ் வரிசை, 13 மணித்தியாலம் வரைக்கும் போன மின்வெட்டு என்று பட்ட பாட்டில் எத்தனையோ பேர் கரண்ட் அடுப்பு ஒன்றும் வாங்கி வைத்துக்கொண்டோம், பிறகு 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கரண்ட் விலை ஏறினது. இடையில் குறைந்தும் இருக்கிறது, ஆனால் பழைய விலைக்கு வரவில்லை. இனி வாங்குகிறவர்களுக்கு என் கருத்து, இண்டக்சன் வாங்குங்கள். அது சட்டியையே நேராகச் சூடாக்குகிறது, வீண்போவது குறைவு. சட்டியின் அடியில் காந்தம் ஒட்டவேண்டும், அலுமினியச் சட்டியும் மண்சட்டியும் சரிவராது. மண்சட்டிக் கறியை விடமுடியாது என்றால் இன்பிராரெட் அடுப்புதான், அதில் நிற்பாட்டின பிறகும் கண்ணாடி நெடுநேரம் சூடாக இருக்கும், நாலைந்து நிமிடம் முந்தியே நிற்பாட்டி அந்தச் சூட்டிலேயே கறியை முடித்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோவேவ் மணிக்கூடு 3 வாட் எடுத்தாலும் மாதத்துக்கு 2 யுனிட் வரும், சுவரிலேயே சுவிட்ச் இருக்கிறது, அதை நிற்பாட்டிப் பழகிவிடலாம். பின்னேரம் 6.30 தொடக்கம் 10.30 வரைக்கும் கேத்தல் போடலாமா என்றும் கேட்கிறார்கள். நேரத்துக்கு ஏற்ற கட்டண மீட்டர் எடுத்த வீட்டுக்கு அந்த நேரம் விலை கூட, சாதாரண மீட்டர் வீட்டுக்குப் பில்லில் ஒரு மாற்றமும் இல்லை.

சாதாரண மீட்டர் வீட்டுக்கு வரம்புதான் முக்கியம். மாதத்தில் 60 யுனிட்டைத் தாண்டினால் கூடின யுனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, முதல் யுனிட்டிலிருந்தே வேறு விலை, மாதக் கட்டணமும் ஏறும். 65, 70 என்று வருகிற சின்னக் குடும்பங்களுக்கு அந்த வோர்ம் விளக்கின் 12 யுனிட் எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள். மீட்டர் வாசிக்க ஆள் வந்த நாளிலிருந்து இருபது நாள் போனதும் ஒருக்கா இறங்கிப் போய் எண்ணைப் பார்த்து, பில்லில் இருக்கிற எண்ணை அதிலிருந்து கழித்தால், நாற்பதுக்குள் நிற்கிறதா என்று தெரிந்துவிடும், மிச்சப் பத்து நாளுக்கு என்ன செய்வது என்று அப்போதே முடிவெடுக்கலாம்.