லோவில் நிற்காத ஜீப்

முதலில் கைவிட்டது ஹேண்ட் பிரேக்தான். தங்கச்சிமடத்தில் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த ஜீப் தானாக உருண்டுபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில் சாய்ந்து நின்றது. கேபிளை இறுக்கினேன். ஒரு வாரம் பிடித்தது, பிறகு நழுவியது. இன்னும் இறுக்கினேன். அப்போதே கீழே குனிந்து பார்த்திருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்.

1984 மாடல் டீசல் ஜீப் அது. தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கும் இடத்திலிருந்து மீன் கூடைகளைத் தார்ச்சாலைக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் வலை சாலையில் வந்து கரையேறுவதில்லையே!

மூன்று மாதத்தில் தரைக்கடியிலிருந்து முனகல் தொடங்கியது. கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத்தரும் பெட்டிதான் டிரான்ஸ்பர் கேஸ்; அதில் இழுவையைக் கூட்டும் கியர் லோ. பிறகு ஒரு நாள், மணலில் லோ போட்டு ஏறும்போது லிவர் ‘டக்’கென்று நியூட்ரலுக்குத் துள்ளியது. ஏழு கூடை நெத்திலியோடு வண்டி அச்சுவரை புதைந்தது. பனை மட்டைகளைச் சக்கரத்துக்கடியில் போட்டு ஆறு பேர் தள்ளினார்கள். அன்றைய நெத்திலி கருவாட்டுக்குப் போனது.

முதல் பட்டறையில் லிவர் தண்டைப் பிடித்து நிறுத்தும் குண்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் மாற்றினார்கள். லிவர் கல்லாக இறுகியது. நான்கு நாளில் அதே துள்ளல். அடுத்த பட்டறை, சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸை (மூட்டை) காரணம் சொன்னது. அதையும் மாற்றினேன். முனகல் அசையவில்லை.

கடைசியில் கீழக்கரையில் பழைய ஜீப்களோடே வாழும் ஒரு காக்காவிடம் (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. “ஏறி உட்காருங்கள் தம்பி. டிரான்ஸ்பர் கேஸை நியூட்ரலில் வைத்து, மெயின் கியரைப் போட்டு கிளட்சை விடுங்கள்” என்றார். வண்டி நின்ற இடத்தில் நின்றது; முனகல் மட்டும் கேட்டது. இரண்டாவது கியரிலும் கேட்டது, நேரடியாகச் சுழலும் நான்காவது கியரிலும் கேட்டது. “ஷாஃப்டும் சுற்றவில்லை, சக்கரமும் சுற்றவில்லை. பிறகு கிராஸ் எப்படிச் சத்தம் போடும்?” என்றார்.

இந்த ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸ் டானா 18 வகை. அதில் சங்கிலி கிடையாது, எல்லாம் பல்சக்கரம். ஹையானாலும் லோவானாலும் சுழற்சி ஓர் இடைப் பல்சக்கரத்தின் வழியாகத்தான் போக வேண்டும். நியூட்ரலிலும் அது சுற்றும். லோ போட்டால் இழுவை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். அத்தனை பாரமும் அதன் தலையில். அது ஏறியிருக்கும் தண்டு தேய்ந்தால் சக்கரம் சாயும். சாய்ந்த பல், கோத்திருக்கும் பல்லைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அந்தத் தள்ளலுக்கு எந்த ஸ்பிரிங்கும் ஈடுகொடுக்காது.

கேஸின் எண்ணெய் வடிக்கும் பிளக்கைக் கழற்றினார். மோர் போல வெளுத்த எண்ணெய், அதுவும் அடியில் கொஞ்சம். அடுத்து ஹேண்ட் பிரேக் டிரம்மைப் பிரித்து, விரலை என் மூக்கருகே நீட்டினார். கியர் ஆயில் வாடை! இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்முனையிலேயே இருக்கிறது. அங்கிருந்த ஆயில் சீல் கிழிந்து பிரேக் கட்டைகள் எண்ணெயில் ஊறியிருந்தன. எண்ணெய் போன வழியிலேயே கடல் தண்ணீரும் வந்திருக்கிறது: சூடான கேஸ் அலையில் நனைந்து குளிரும்போது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். முருங்கையில் சாய்ந்த அன்றே வண்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நான் கேபிளை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

கேஸை இறக்க வேண்டியிருக்கவில்லை. அடித்தட்டைக் கழற்றினால் இடைச்சக்கரம் கண்ணெதிரே தெரியும். ஆனால் உப்பு இறுக்கிய போல்ட்டுகளில் இரண்டு முறிந்தன. துளையிட்டு எடுப்பதிலேயே ஒரு பகல் போனது. தண்டைப் பின்பக்கமாகத் தட்டி வெளியே எடுத்தோம். ஊசி பேரிங் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள்) ஓடிய இடத்தில் நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம். பக்கவாட்டு வாஷர்கள் தகடாய்த் தேய்ந்திருந்தன. தண்டு, ஊசிகள், வாஷர்கள், சீல் எல்லாம் மதுரையில் கிடைத்தன.

மாட்டுவதுதான் பெரும்பாடு. தனித்தனி ஊசிகளைச் சக்கரத்துக்குள் நிறுத்த வேண்டும். சக்கரத்தின் நீளத்துக்குச் சரியாக ஒரு போலித் தண்டைக் கடைசல் பட்டறையில் செய்துவாங்கினோம். அதைச் சுற்றி கிரீஸில் ஊசிகளை ஒட்டவைத்து, வாஷரின் காது கேஸின் பள்ளத்தில் உட்காரும்படி கீழிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டும். அசல் தண்டு உள்ளே நுழைய நுழைய, போலித் தண்டு மறுபக்கம் வெளியேறும். முதல் தடவை என் கை நடுங்கி ஊசிகள் கொட்டின. எண்ணியபோது ஒன்று குறைந்தது. மண் தரையைக் காந்தத்தால் துழாவி எடுத்தோம். மூன்றாவது தடவை உட்கார்ந்தது.

90 கிரேடு எண்ணெய் ஊற்றி 200 கிலோமீட்டர் ஓட்டியபின் வடித்துப் பார்த்தேன். கறுப்பாகத்தான் இருந்தது, வெளுக்கவில்லை. மணலில் லோ நிற்கிறது. பிரேக் கட்டைகளைத்தான் இன்னும் மாற்றவில்லை. நிறுத்தும்போது சக்கரத்துக்கு ஒரு கல் வைக்கிறேன்.