இது ஆர்ர நெஞ்சு?

மட்டக்களப்பு மாவட்டத்தில் நான் வேலை பார்த்த ஒரு வைத்தியசாலையின் எக்ஸ்ரே பிரிவில், மின்வெட்டுக்குப் பிறகு மின்சாரம் திரும்பி வந்த ஒரு காலையில், படங்களைப் பார்த்து பிலிமுக்கு அனுப்பும் கணினி மட்டும் எழும்பவில்லை. எக்ஸ்ரே இயந்திரம் நலமாக இருந்தது, பிலிம் அடிக்கும் பிரிண்டரும் நலமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்ற கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கொழும்பிலிருந்து கம்பனி ஆள் வர எப்படியும் இரண்டு கிழமை ஆகும் என்று தொலைபேசியில் சொன்னார்கள்.

பிலிம் இல்லாவிட்டால் என்ன, திரையில் பார்க்கலாமே என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கக்கூடும். எங்கள் பகுதியில் ஒரு நோயாளரின் படம் அவரோடு பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. மீனகயா ரயிலில் இரவு ஏறி கொழும்புக்கோ, பஸ்ஸில் கண்டிக்கோ, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ போகிறவரின் கையில் இருக்கும் அந்தப் பெரிய மண்ணிற உறைதான் அங்குள்ள டொக்டரிடம் பேசும். எனவே இரண்டு கிழமை பிலிம் இல்லாமல் இருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கணினி வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்தவன் என்பதால், பொறுப்பு வைத்தியரின் அனுமதியோடு அந்தப் பாரம் என் மேசைக்கு வந்தது.

மருத்துவப் படங்களுக்கான டைகொம் என்னும் பொது மொழி, 1985இல் அமெரிக்கக் கதிரியக்க வைத்தியர்களின் கல்லூரியும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட ஒரு நியமத்திலிருந்து வளர்ந்து, 1993இல் இந்தப் பெயரைப் பெற்றது. படத்தைப் பிலிமில் அடிப்பதற்கும் அதில் தனியான ஒரு முறை உண்டு. ஜேர்மனியின் ஒல்டன்பேர்க் நகரிலுள்ள ஒஃபிஸ் என்ற நிறுவனம் டிசிஎம்டிகே என்ற கருவித் தொகுப்பை இலவசமாகத் தந்திருக்கிறது. அதில் ஒரு கட்டளை படத்தை அச்சு வேலையாக மாற்றி வைக்கிறது, இன்னொரு கட்டளை அதைப் பிரிண்டருக்கு எடுத்துச் செல்கிறது. சுட்டியும் பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்தாக அடித்து என்டர் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாள் முழுவதும் பிரிண்டரின் வாசலிலேயே போனது. டைகொம் பேசும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் 16 எழுத்துக்கு மேற்படாத ஓர் அழைப்புப் பெயர் உண்டு. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எக்கோ கட்டளையை அனுப்பினால், பிரிண்டர் நீ யாரைக் கூப்பிடுகிறாய் என்று கதவைச் சாத்தியது. பிரிண்டரின் பெயரில் பெரிய எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நான் சின்ன எழுத்தைப் போட்டிருந்தேன். பழைய கணினியின் பக்கவாட்டில் யாரோ பேனையால் எழுதி ஒட்டியிருந்த மங்கிய துண்டுத்தாள் அதைக் காட்டிக் கொடுத்தது. அந்தத் துண்டுத்தாளை எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் நன்றி.

பிலிம் விலை கூடிய பொருள் என்பதால், நேராகப் பிரிண்டருக்கு அனுப்பாமல் அதே தொகுப்பிலுள்ள பொய்ப் பிரிண்டர் ஒன்றை என் கணினியில் ஓடவிட்டேன். அது பிரிண்டர்போல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பிலிமுக்குப் பதிலாக டிஸ்கில் எழுதிவைக்கும். அங்கே போய் விழுந்த படங்களைத் திறந்து, விலா எலும்புகள் தெரிகின்றனவா, இதய நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்று ஒன்றொன்றாகப் பார்த்தேன். நன்றாகவே இருந்தன. உண்மையான பிரிண்டரில் முதல் பிலிம் சாம்பல் பூசியதுபோல் வந்தது. மாதிரி அமைப்புக் கோப்பில், கறுப்பு வெள்ளைச் சாயலைத் திருத்தும் அட்டவணையைப் பிரிண்டரே ஏற்கும் என்று எழுதியிருந்ததை நான் அப்படியே விட்டுவிட்டேன். எங்கள் பிரிண்டர் அதை ஏற்காத பழைய ஆள். அந்த ஒரு வரியை மாற்றியதும் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் வந்தது. மூன்றாம் நாள் மாலை ஐந்து மணியளவில், 14க்கு 17 அங்குலப் பிலிம்கள் இரண்டு அடுத்தடுத்து சூடாக வெளியே வந்து தட்டில் விழுந்தன.

எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராபர் சேர் அவற்றை எடுத்து லைட் பொக்ஸில் கொழுவினார். நான் பாராட்டை எதிர்பார்த்து பின்னால் நின்றேன். அவர் கண்ணாடியை மேலே தள்ளி, பிலிமின் நான்கு மூலைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பி, "தம்பி, இது ஆர்ர நெஞ்சு?" என்று கேட்டார்.

இரண்டு பிலிமிலும் பெயர் இல்லை. இலக்கம் இல்லை. திகதி இல்லை. இரண்டு நெஞ்சுகள், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, இரண்டும் பளிச்சென்று. எந்தப் பிலிம் முதலில் விழுந்தது என்பதுகூட எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, ஏனென்றால் அவர் இரண்டையும் சேர்த்தே எடுத்திருந்தார்.

அன்றிரவு வீட்டில் டைகொம் நியமத்தின் அச்சுப் பகுதியை வாசித்தபோதுதான் விளங்கியது. ஒரு படத்தைப் பிலிமில் அடிக்க ஐந்து படிகள் இருக்கின்றன: அச்சு அமர்வு ஒன்றைத் திறப்பது, ஒரு பிலிமுக்கு இடம் கேட்பது, அதிலுள்ள கட்டங்களில் படத்தை வைப்பது, அடி என்று சொல்வது, முடிந்ததும் எல்லாவற்றையும் அழிப்பது. கட்டத்தில் வைக்கப்படுவது படத்தை ஆக்கும் புள்ளிகளும், எத்தனை வரிசை, எத்தனை நிரல், எத்தனை பிட் என்ற விவரமும் மட்டுமே. நோயாளரின் பெயரைச் சேர்ப்பதற்கு அந்தக் கட்டத்தில் இடமே கிடையாது. பழைய கணினியில் பிலிமின் மூலையில் வந்துகொண்டிருந்த பெயரும் இலக்கமும், அடிப்பதற்கு முன் அந்தக் கணினியே புள்ளிகளோடு புள்ளியாக எழுதிச் சேர்த்தவை. இத்தனை வருடமாக அதைப் பிரிண்டரின் வேலை என்று நினைத்திருந்தேன். பிரிண்டருக்கு நெஞ்சும் தெரியாது, முழங்காலும் தெரியாது.

பொய்ப் பிரிண்டரில் பார்த்தபோது எனக்கு ஏன் இது தட்டுப்படவில்லை என்பதை நினைத்துத்தான் அதிகம் வெட்கப்பட்டேன். ஒவ்வொரு நோயாளரின் படத்தையும் அவரது இலக்கம் போட்ட ஒரு கோப்புறைக்குள் வைத்திருந்தேன். யாருடைய படம் என்பது எனக்குத் தெரிந்திருந்ததால், படத்தில் அது இல்லை என்பதை என் கண் தேடவே இல்லை.

சேர் அந்த இரண்டு பிலிம்களையும் கத்தரிக்கோலால் நாலாக வெட்டிக் கழிவுப் பெட்டிக்குள் போட்டார். திரையில் பார்த்து, இது இன்னாருடையது என்று பின்னால் பேனையால் எழுதிக் கொடுக்கலாமே என்று நான் மெல்லச் சொன்னேன். "ஒரே பேரில நாலு பேர் வருவாங்க தம்பி, ஒரு நாளைக்கு" என்பது மட்டுமே அவரது பதில். அது மிகை அல்ல. முதலெழுத்தும் பெயரும் ஒன்றாக, வயது ஐந்து வருடத்துக்குள் வேறுபடும் இருவரை ஒரே கிளினிக் நாளில் நானே கண்டிருக்கிறேன்.

எனவே படத்தின் பிரதி ஒன்றை எடுத்து, அதன் புள்ளிகளுக்குள்ளேயே பெயர், இலக்கம், திகதி ஆகியவற்றை எழுதும் சிறிய பைத்தன் புரோகிராம் ஒன்றை எழுதினேன். மூலக் கோப்பில் கை வைப்பதில்லை என்பது முதல் விதி. முதல் முயற்சியில் எழுத்தே தெரியவில்லை. சில படங்களில் சுழியம் கறுப்பு, சிலவற்றில் சுழியம் வெள்ளை. டைகொம் இரண்டையும் அனுமதிக்கிறது, எது என்பதைக் கோப்பே சொல்லும், ஆனால் நான் கேட்கவில்லை. கறுப்பு மூலையில் கறுப்பு எழுத்தை அழகாக எழுதி வைத்திருந்தேன்.

உடம்பின் வலம், இடம் என்ற அடையாளமும் இப்படித்தான் தொலைந்திருக்கும். பழைய கணினியில் பலர் அதைத் திரையில் ஒரு எழுத்தாகப் பின்னர் வைப்பார்கள், அது புள்ளிக்குள் போவதில்லை. எங்கள் சேர் பழைய காலத்து ஆள், கதிர் பாய்ச்சும்போதே ஈயத்தால் செய்த எழுத்தை எக்ஸ்ரே பதியும் தட்டின்மேல் வைத்துவிடுவார். அது நிழலாகப் படத்திலேயே விழுந்துவிடுவதால், என் கட்டளைகளால் அதைக் கெடுக்க முடியவில்லை. இளையவர்கள் அவரை அதற்காகக் கிண்டல் செய்ததுண்டு. நானும் அவர்களோடு சிரித்திருக்கிறேன்.

அடுத்த கிழமை இடுப்பு எலும்புப் படம் ஒன்று எலும்புச் சத்திரசிகிச்சை டொக்டரிடமிருந்து திரும்பி வந்தது. அவர் பிலிமின்மேல் அடிமட்டம் வைத்து அளப்பவர். அளவு பார்ப்பதற்காகப் படத்தோடு சேர்த்து எடுத்திருந்த 25 மில்லிமீட்டர் உலோக உருண்டை, பிலிமில் அதைவிடச் சிறியதாக இருந்தது. கதிர் விரிந்து செல்வதால், தட்டைவிட்டு மேலே இருக்கும் எதுவும் சற்றுப் பெரிதாக விழத்தான் வேண்டும், சிறுக்க வழியில்லை. சிறுத்தது என்றால் பிரிண்டர் சுருக்கியிருக்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் அது பிலிமுக்குள் அடங்குமாறு படத்தைச் சுருக்கும் அல்லது விரிக்கும். அகலத்தை மில்லிமீட்டரில் கேட்பதற்குக் கட்டளையில் ஒரு தெரிவு இருக்கிறது. 2,400 நிரல்கள், நிரலுக்கு 0.1 மில்லிமீட்டர் என்றால் 240 மில்லிமீட்டர் என்று நாம்தான் பெருக்கிக் கொடுக்க வேண்டும். கொடுத்து மறுபடி அடித்தபோது, அடிமட்டத்தோடு நானே லைட் பொக்ஸுக்குப் போய் உருண்டையை அளந்துவிட்டுத்தான் பிலிமை அனுப்பினேன்.

கம்பனி ஆள் சொன்ன இரண்டு கிழமை மூன்றாகி, ஒரு வெள்ளிக்கிழமை வந்து புதிய டிஸ்கைப் பொருத்திவிட்டுப் போனார். பொத்தான் திரும்பவும் பொத்தானாகிவிட்டது. முதல் பிலிம் வெளியே வந்ததும் சேர் லைட் பொக்ஸில் கொழுவினார். நெஞ்சைப் பார்க்குமுன் இரண்டு பேருமே மேல் மூலையைப் பார்த்தோம். அவர் இலக்கத்தைச் சத்தமாக வாசித்தார், நான் பதிவுப் புத்தகத்தில் விரலை வைத்து "சரி சேர்" என்றேன்.