முள்ளுவெளிக்குச் செருப்பு: யார்க்ஷயர் துஷ்டிப் பாட்டை நெல்லையில் பாட

இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயரில், பிணம் கிடக்கும் வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து பாடிய பாட்டு ஒன்று உண்டு. லைக்-வேக் டர்ஜ் என்று பெயர். தமிழில் இதைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. மேற்கத்திய இசை கற்பவர்கள்கூட இதை ஒரு பேய்ப்பாட்டு என்ற அளவில் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏழைக்கு இரங்குவதைப் பற்றி இவ்வளவு கறாராகப் பேசும் நாட்டார் பாட்டு அரிது. நம் பக்கத்தில் வில்லிசைக் குழுவோ கோயில் பாடகர் குழுவோ இதைத் தமிழில் எடுத்துப் பாட நினைத்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதற்காக இந்தப் பதிவு.

பாட்டு செத்தவரைப் பார்த்துப் பேசுகிறது. இன்று ஓர் இரவு மட்டும் உனக்கு நெருப்பு, வீடு, விளக்கு எல்லாம் இருக்கிறது. இங்கிருந்து கிளம்பியதும் முதலில் முள்ளுவெளி வரும். உயிரோடு இருந்தபோது யாருக்காவது காலுறையும் செருப்பும் கொடுத்திருந்தால், அங்கே உட்கார்ந்து அதையே எடுத்து மாட்டிக்கொள். கொடுக்கவில்லை என்றால் முள் எலும்பு வரைக்கும் ஏறும். முள்ளுவெளி தாண்டினால் அச்சப் பாலம். பாலம் தாண்டினால் உத்தரிக்கிற நெருப்பு, அதாவது செத்தவர் உயிரைப் பாவம் போகச் சுத்தப்படுத்தும் நெருப்பு. யாருக்காவது சோறும் தண்ணீரும் கொடுத்திருந்தால் நெருப்பு உன்னைத் தீண்டாது. கொடுக்காமல் போயிருந்தால் எலும்பு வெளுக்க எரிக்கும். பிறகு முதல் கண்ணியே திரும்ப வந்து பாட்டு முடிகிறது.

அவ்வளவுதான் பாட்டு. நீ யாரைக் கும்பிட்டாய், எத்தனை முறை கோயிலுக்குப் போனாய், எந்தக் குடும்பம் என்று வழியில் யாரும் கேட்பதில்லை. செருப்பும் சோறும்தான் கேள்வி.

நம் ஊர்க் காதுக்கு இது அந்நியமாகவே இருக்காது. பதினாறாம் நாள் காரியத்தில் செருப்பும் குடையும் தானம் கொடுக்கிறோம். போகிற வழி முள்ளும் கொதிமணலும் என்பதால். வைதரணி ஆற்றைக் கடக்கப் பசு தானம். வழி ஒன்றுபோல இருந்தாலும் கொடுப்பவர் வேறு. நம் சடங்கில் மகன் கொடுக்கிறான், தகப்பன் செத்த பிறகு. யார்க்ஷயர் பாட்டில் செத்தவர் தாமே, உயிரோடு இருந்தபோது, கால் வெறுங்காலாக இருந்த ஒருவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். பிள்ளைகள் பின்னால் ஈடுகட்ட முடியாது. பாட்டின் உயிர்நாடி இதுதான். தமிழில் பெயர்க்கும்போது வேறு எது நழுவினாலும் இது நழுவக் கூடாது.

பாட்டின் வயது பற்றிச் சுருக்கமாக: 17ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதி வரை யார்க்ஷயர் சாவு வீடுகளில் ஒரு பெண் வந்து இதைப் பாடினாள் என்று ஆங்கிலேயப் பழம்பொருள் ஆய்வாளர் ஜான் ஆப்ரி 1680களில் எழுதி, பாட்டையும் குறித்து வைத்தார். ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1802இல் தம் ஸ்காட்லாந்து எல்லைப்புறப் பாடல் தொகுப்பில் அச்சிட்ட படிதான் இன்று பரவலாகப் பாடப்படுவது. இங்கிலாந்துத் திருச்சபை 1563இல் வகுத்த சமயக் கோட்பாடுகளில் 22ஆவது, அந்த நெருப்பு இருப்பதாக நம்பப்படும் உத்தரிக்கிற ஸ்தலம் என்பதையே தள்ளிவிட்டது. அதற்குப் பிறகும் ஐம்பது ஆண்டுக்கு மேல் யார்க்ஷயர் பெண்கள் பிணத்தருகே உட்கார்ந்து அந்த நெருப்பைப் பாடியிருக்கிறார்கள். சட்டம் மாறினாலும் துஷ்டி வீட்டுப் பாட்டு அவ்வளவு சீக்கிரம் மாறாது.

ஸ்காட் படியில் ஒன்பது கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியும் நான்கு வரி. முதல் வரியும் மூன்றாம் வரியும் கதை சொல்லும். இரண்டாவதும் நான்காவதும் ஒன்பது கண்ணியிலும் மாறாமல் திரும்ப வரும். ஸ்காட் படியில் ஓர் ஓட்டை இருக்கிறது. முள்ளுக்குச் செருப்பு, நெருப்புக்குச் சோறு. பாலத்துக்கு என்ன கொடுத்திருக்க வேண்டும் என்று அந்தப் படி சொல்வதில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடக்கு யார்க்ஷயரில் அச்சேறிய வேறொரு படியில் விடை கிடைக்கிறது: வெள்ளியும் பொன்னும் கொடுத்திருந்தால் பாலத்தில் கால் ஊன்ற இடம் கிடைக்கும், கொடுக்கவில்லை என்றால் கீழே விழுவாய். இந்த இரண்டு கண்ணியையும் சேர்த்துப் பதினொன்றாகப் பாடலாம். ஆனால் ஒன்பதே போதும் என்பது என் கருத்து. செருப்பும் கஞ்சியும் எந்த ஏழையும் இன்னொரு ஏழைக்குக் கொடுக்கக்கூடியவை. பொன் வந்ததும் பாட்டு பணக்காரர் பக்கம் திரும்பிவிடுகிறது.

தமிழில் பெயர்க்கும்போது செந்தமிழுக்குப் போகாதீர்கள். ஒப்பாரி எந்த மொழியில் இருக்கிறதோ அதுதான் இதற்கும். பெற்ற தகப்பனையே ஒப்பாரியில் ‘நீ’ என்றுதான் விளிக்கிறோம். இதிலும் ‘நீ’ போதும். மூலத்தில் வரும் முள், மஞ்சள் பூப் பூக்கும் ஒரு புதர். வெள்ளைக்காரர் கொண்டுவந்து நட்டதால் நீலகிரியில் இன்றும் காடாக மண்டிக் கிடப்பது அதே புதர்தான். நெல்லைச் சீமையில் அது இல்லை. சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரியில் சித்திரை வெயிலில் நடந்தவர்களுக்கு உடைமுள்ளும் செம்மணலும் போதும், வேறு விளக்கம் வேண்டாம். இப்படி வைத்துக்கொள்ளலாம்:

இந்த ஒரு ராத்திரி, இந்த ஒரு ராத்திரி,
எந்த ராத்திரியும் இப்படியே;
அடுப்பும் இருக்கு, வீடும் விளக்கும் இருக்கு,
ஆண்டவர் உன் உசுர ஏத்துக்கட்டும்.

செருப்பில்லாத காலுக்குச் செருப்பு குடுத்திருந்தா,
எந்த ராத்திரியும் இப்படியே;
உக்காந்து அதையே எடுத்து மாட்டிக்கோ,
ஆண்டவர் உன் உசுர ஏத்துக்கட்டும்.

ஒரு நாளும் ஒருத்தருக்கும் குடுக்கலைன்னா,
எந்த ராத்திரியும் இப்படியே;
உடமுள்ளு எலும்பு வரைக்கும் ஏறுமே,
ஆண்டவர் உன் உசுர ஏத்துக்கட்டும்.

நெருப்புக் கண்ணியில் “பசிச்ச வாய்க்குக் கஞ்சித்தண்ணி ஊத்தியிருந்தா” என்று தொடங்கினால் அளவு சரியாக உட்காரும். மூலத்தில் நான்காம் வரி கிறிஸ்துவின் பெயரைச் சொல்கிறது. தேவாலயத்தில் பாடினால் அப்படியே வையுங்கள். ஊர்ப் பொதுவில் பாடினால் ‘ஆண்டவர்’ எல்லோருக்கும் பொருந்தும்.

பெயர்ப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, இரண்டாம் வரியை வெட்டுவது. அதற்குத் தனியாகப் பெரிய பொருள் இல்லை, வீணாகத் திரும்புகிறது என்று தோன்றும். ஆனால் கூட்டம் பாட்டுக்குள் நுழையும் வாசல் அந்த வரி. முன்பாட்டுக்காரர் மூச்சு வாங்கவும் அடுத்த வரியை நினைவுக்குக் கொண்டுவரவும் கிடைக்கும் நேரமும் அதுதான். வெட்டிவிட்டால் முன்பாட்டுக்காரர் நான்காம் கண்ணிக்குள் திணறிவிடுவார், கேட்பவர்களும் வெறும் பார்வையாளர்களாகிவிடுவார்கள்.

மெட்டு ஒன்றே ஒன்று என்று இல்லை. ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1943இல் ஆண் குரல், கொம்பு, தந்தி வாத்தியங்களுக்காக எழுதிய தொகுதியில் இந்த வரிகளுக்குத் தாமே மெட்டமைத்தார். பாடுபவர் ஒரே மெட்டைக் கடைசிவரை மாற்றாமல் பாட, அடியில் வாத்தியங்கள் புயலாக எழும்பும். பெண்டாங்கிள் என்ற ஆங்கிலேய நாட்டார் இசைக் குழுவின் 1969ஆம் ஆண்டுப் பதிவு நாட்டார் வழி. முதலில் அதைக் கேளுங்கள், பிறகு பெஞ்சமின் பிரிட்டன் அமைத்ததை. நம் குழுவுக்கு நடபைரவி ராகத்தின் சுரங்களில் எளிய மெட்டு ஒன்று கட்டிக்கொள்ளலாம்: முதல் வரி ஸவில் எடுத்துப் பவில் நிற்கட்டும், இரண்டாம் வரி ப, ம, க என்று இறங்கி ரியில் நிற்கட்டும், மூன்றாம் வரி த வரை ஏறட்டும், நான்காவது ஸவில் வந்து உட்காரட்டும். அதற்கு மேல் சங்கதி வேண்டாம். கூட்டத்தில் பாதிப்பேர் தன்னையறியாமல் கரகரப்பிரியா ராகத்தின் உயர்ந்த த பிடிப்பார்கள், மற்றவர்கள் நடபைரவியின் தாழ்ந்த த. மூன்றாம் வரி உச்சியில் அது கரகரவென்று இடிக்கும். ஒத்திகையில் அந்த ஒரு சுரத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாடவைத்தால் சரியாகிவிடும்.

சுருதி, ஆண்கள் மட்டும் என்றால் 1 கட்டை, பெண்கள் மட்டும் என்றால் 5 கட்டை. கலந்து பாடினால் 1 கட்டையில் வைத்துப் பெண்கள் மேல் ஸ்தாயியில் எடுக்கலாம். துணையில்லாமல் ஒன்பது கண்ணி பாடினால் சுருதி கீழே சரிவது நிச்சயம்; ஐந்தாம் கண்ணியில் தெரிய ஆரம்பிக்கும். சுருதிப் பெட்டியை மெதுவாக ஓடவிடுங்கள். சரிவுக்குக் காரணம் பெரும்பாலும் நான்காம் வரி. ‘ஏத்துக்கட்டும்’ என்று சோகத்தோடு குழைத்து இறக்கும்போது ஸ கொஞ்சம் தாழ்ந்துவிடும், அடுத்த கண்ணி அந்தத் தாழ்விலிருந்தே தொடங்கும். கடைசி அசையைக் குழைக்காமல் நேராக நிறுத்த வேண்டும்.

தாளம் ஆதி, வரிக்கு ஓர் ஆவர்த்தனம், எட்டு எண்ணிக்கை. நிமிடத்துக்கு 60 வேகத்தில் ஒரு கண்ணி 32 விநாடி. ஒன்பதும் சேர்ந்து 4 நிமிடம் 48 விநாடி. துஷ்டிப் பாட்டுதானே என்று 40க்கு இறக்கிவிட்டால் 7 நிமிடம் 12 விநாடி ஆகிவிடும். ஒரு வரிக்கே 12 விநாடி. சாதாரணக் குரல் ஒரே மூச்சில் தாங்காது, சொல் நடுவில் உடையும். இது நடைப்பாட்டு. செத்தவர் நடந்துகொண்டிருக்கிறார், நிற்கவில்லை. 1955 முதல் யார்க்ஷயர் மேட்டுவெளியில் 40 மைல் தூரத்தை 24 மணி நேரத்துக்குள் கடக்கும் ஒரு நடைப்பயணத்துக்கு இந்தப் பாட்டின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

வில்லிசைக் குழுவுக்கு இது கையில் கிடைத்த வடிவம். வலம் பாடுவோர் முதல், மூன்றாம் வரிகள். இடம் பாடுவோர் மாறாத இரண்டு வரிகள். வில்லைத் தட்டும் வீசுகோலைக் கோயில் கொடை விழாவில் அடிப்பதுபோல அடித்தால் மணிச்சத்தம் சொல்லை விழுங்கிவிடும். ஆவர்த்தனத்துக்கு ஓர் அடி, முதல் எண்ணிக்கையில் மட்டும். குடம் முதல் எண்ணிக்கையிலும் ஐந்தாவதிலும். உடுக்கையைப் பாலக் கண்ணி வரைக்கும் தொடவே வேண்டாம். நெருப்புக் கண்ணிகள் முடிந்து முதல் கண்ணி திரும்பும்போது எல்லா வாத்தியமும் நிற்கட்டும், குரல் மட்டும் போகட்டும்.

எங்கே பாடுவது என்பதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கத்தோலிக்க ஊர்களில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் பொருத்தமான நாள். உத்தரிக்கிற ஸ்தலம் அவர்களுக்குப் பழகிய நம்பிக்கை. புராட்டஸ்டண்ட் சபையான சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் நெருப்புக் கண்ணிகளுக்கு ஆட்சேபம் வரும், வருவது நியாயமும்கூட. அங்கே வழிபாட்டில் சேர்க்காமல் இசை நிகழ்ச்சியில், இது யார்க்ஷயரின் பழைய நம்பிக்கை என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் பாடலாம். பிணம் கிடக்கும் வீட்டில் மட்டும் பாடாதீர்கள். ‘குடுக்கலைன்னா’ என்ற கண்ணி அந்த வீட்டுப் பிள்ளைகள் நெஞ்சில் குத்தும். யார்க்ஷயரில் அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், யாரும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இங்கே முதல்முறை கேட்கிறவர்களுக்கு அது தீர்ப்பாகக் கேட்கும். மேடையில் பாடும்போதும் அந்தக் கண்ணிகளைக் குரலை உயர்த்தி மிரட்டலாகப் பாட வேண்டாம். கொடுத்திருந்தால், கொடுக்கவில்லை என்றால் இரண்டுக்கும் ஒரே அளவு குரல்.

பாடும் இடத்தில் செருப்பு திரட்டினால் பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான துணை இல்லை. பாட்டின் கணக்குப்படி நீ கொடுத்த செருப்புதான் முள்ளுவெளியில் உன் காலுக்கு வரும். அறுந்த வாரும் தேய்ந்த குதிகாலும் கொடுத்தவருக்கு அதுதான் கிடைக்கும். ஆகவே பழையதை வாங்காதீர்கள். 6 முதல் 10 வரை அளவுகளைத் தனித்தனிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். ஜோடியைக் கயிற்றால் கட்டாவிட்டால் இரவு முடிவதற்குள் ஒற்றைச் செருப்புகள் குவிந்துவிடும். குழந்தைகள் அளவு எப்போதும் குறையும், அதை முன்கூட்டியே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். செங்கல் சூளையில் வேலை செய்பவர்களுக்குக் கனத்த அடியுள்ள செருப்பு. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களுக்குச் செருப்பு உதவாது. உப்புநீர் மேலேறிக் கால் புண்ணாகும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் உள்ளே போட இரண்டு ஜோடிப் பருத்திக் காலுறையும் வேண்டும். பூட்ஸ் வாங்கும்போது கால் அளவைவிட ஓர் எண் கூட்டி வாங்குங்கள், காலுறையோடு நுழைய வேண்டும்.